நூறாவது நாள் நாடகம்

மேலகரம்,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

என் அன்பு மகளுக்கு,

பெரியப்பாவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. செல்போனில் நாலு வார்த்தை பேசி முடித்துவிடாமல், உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். விஷயம் உன் மனசை எவ்வளவு அரித்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். அதனால் நானும் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சாரல் ஆரம்பித்துவிட்டது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நல்ல தண்ணீர். உன் அப்பா வாயே திறப்பதில்லை. உன் அம்மா காசி விசுவநாதர் கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள். அவர்கள் இரண்டு பேரிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

மும்பையில் ஒரு பெரிய இசை நாடகத்துக்கு ஆடிஷன் கொடுத்து, தேர்வாகியிருக்கிறாய். ஆனால் கிடைத்தது நாயகி வேஷம் இல்லை. சேர்ந்து பாடி, சேர்ந்து ஆடுகிற கோஷ்டியில் ஓர் இடம். "பின்வரிசையில் நிற்பதற்கா திருநெல்வேலி இசைப்பள்ளியில் மூன்று வருஷம் படித்தேன், அதற்கு மேல் பரதமும் கற்றேன்? போகட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

போ, தாயி. யோசிக்காமல் போ. ஆனால் எந்த நினைப்போடு போகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்தவன் நான். நடிக்கிறவர்களை ஜனங்கள் முன்னாலிருந்து பார்க்கிறார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். முதல் நாள் நாடகத்தை ஆசையே நடத்திக் கொடுத்துவிடும். நூறாவது நாள் நாடகத்தைச் சாதகம்தான் நடத்த முடியும். பெரிய நகரத்து இசை நாடகம் என்றால் நூறாவது நாள் நாடகம் என்று புரிந்துகொள். உன் கனவெல்லாம் முதல் நாளைப் பற்றியது. உன் வேலையோ நூறாவது நாளில் இருக்கிறது.

நியூயார்க்கில் பிராட்வே என்று ஒரு நாடக வட்டாரம் இருப்பது உனக்குத் தெரியும். அங்கே 'தி ஃபான்டம் ஆஃப் தி ஓபரா' என்ற இசை நாடகம் 1988 ஜனவரியில் தொடங்கி 2023 ஏப்ரலில்தான் நின்றது. மொத்தம் 13,981 காட்சிகள். வாரத்துக்கு எட்டுக் காட்சி அங்கே வழக்கம். அதே பாட்டு, அதே அடி, அதே இடத்தில் அதே மூச்சு. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கோ அன்றைக்குத்தான் முதல் நாள். அவருக்கு நேற்றைய காட்சியின் களைப்பு தெரியக் கூடாது. நாயகன் நாயகி வருவார்கள், போவார்கள். அத்தனை வருஷமும் நாடகம் ஒரே கட்டுக்கோப்பில் நின்றது பின்னால் நின்றவர்களின் உழைப்பால்.

அங்கே 'ஸ்விங்' என்று ஒரு வேலை உண்டு. கோஷ்டியில் இருக்கும் பல பேருடைய இடத்தையும் அடியையும் குரலையும் ஒரே ஆள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்று மாலை அந்த இடத்தில் அந்த ஆள் நிற்க வேண்டும். எந்த ராத்திரி எந்தப் பெண்ணாக நிற்கப்போகிறோம் என்று மத்தியானம் வரைக்கும் தெரியாது. போஸ்டரில் பெயர் இருக்காது. ஆனால் அவர் இல்லாவிட்டால் திரையைத் தூக்க முடியாது. கோஷ்டியில் நிற்பவர்களைப் பற்றியே 'எ கோரஸ் லைன்' என்று ஒரு நாடகம் போட்டார்கள். அது 1975-இல் பிராட்வேக்கு வந்து பதினைந்து வருஷம் ஓடியது. பின்வரிசைக்காரர்களின் கதையைக் கேட்க ஜனங்கள் பதினைந்து வருஷம் காசு கொடுத்து வந்தார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதே. நம்முடைய சங்கீத நாடகம் வளர்ந்ததே இந்தக் கட்டுப்பாட்டில்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேஷங்களைத் தாமே கட்டி நடித்துவிட்டு, அப்புறம் வேஷத்தை விட்டு வாத்தியாரானார். வளர்ந்த நடிகர்கள் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு மேடையில் தோன்றியதையெல்லாம் பேசினார்கள். அது பொறுக்காமல்தான் அவர் சிறுவர்களைச் சேர்த்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பாலர் சபைகள் அப்படித்தான் வளர்ந்தன. 1918-இல் மதுரையில் அவர் வாத்தியாராக இருந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் முப்பது வயசில் கூன் விழுந்த கிழவியாக மேடைக்கு வந்து அவ்வை சண்முகம் என்று பெயர் வாங்கினார்.

அந்தக் கம்பெனிப் பிள்ளைகளுக்கு விடிவதற்கு முன்னாலேயே பாட்டுப் பாடம். அப்புறம் வசனம், ஆட்டம். ராத்திரி நாடகம். ஓர் ஊரில் கொட்டகை போட்டால் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பார்கள். தன் வேஷம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அங்கே மதிப்பில்லை. முழு நாடகமும் தெரிந்த பிள்ளைதான் ஒரு நாள் திடீரென்று ராஜபார்ட் ஆவான். பிராட்வேயில் ஸ்விங் என்று சம்பளம் கொடுத்துச் செய்கிற வேலையை நம் பாலர் சபையில் பத்து வயசுப் பையன்கள் செய்தார்கள்.

ஆகையால் மும்பையில் நீ முதலில் செய்ய வேண்டியது இது. உன் இடத்தைப் பத்து நாளில் கற்றுக்கொள். பதினோராவது நாளிலிருந்து உனக்கு இடப்பக்கம் நிற்பவள், வலப்பக்கம் நிற்பவள், பிறகு நாயகியின் இடம் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள். யாரும் கேட்கும்வரை அதை வெளியே சொல்லாதே. வேஷத்தைப் பறிக்கப் பார்க்கிறாள் என்ற பேச்சு வரக் கூடாது. நாடகம் முழுவதும் உன் தலைக்குள் இருந்தால், நீ எங்கே நின்றாலும் அது பின்வரிசை அல்ல.

செங்கோட்டை கிட்டப்பாவைப் பற்றி உன் தாத்தா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நீ. நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் 1906-இல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சீமை. சிறு பிள்ளையாகவே நாடகத்துக்குப் போய், பிறகு காட்சி ஜோடனைக்குப் பேர்போன கன்னையா கம்பெனியில் சேர்ந்து சென்னையையே தன் பாட்டால் கட்டிப்போட்டார். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் வெறும் சாரீரமே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டுகளில் இன்றைக்கும் அந்தக் குரலைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி அவர் மறைந்தபோது வயசு இருபத்தேழு.

விசுவநாத தாஸைப் பற்றியும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். சுதந்திரப் பாட்டுப் பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.

இந்த இரண்டு பேரையும் நான் கும்பிடுகிறேன். ஆனாலும் ஒன்று கவனித்துப் பார். நாடகக்காரர்களைப் பற்றி நாம் சொல்லி வருகிற கதைகளில் பாதிக்கு மேல் அவர்கள் செத்த கதைகளாக இருக்கின்றன. மேடையில் உயிரை விட்டார் என்று சொல்லும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள், உடம்பை அழித்துக்கொள்வதுதான் கலைக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துவிடுகிறார்கள். நீ அப்படி நினைக்காதே.

கொடுமுடி சுந்தராம்பாளின் கதையைப் பிடித்துக்கொள். கணவர் கிட்டப்பா போனபோது அந்த அம்மாவுக்கு வயசு இருபத்தைந்து. வெள்ளைச் சேலை கட்டி ஒதுங்கினார். பிறகு 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேஷம் கட்டி நந்தனாராகவே திரும்பி வந்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார் என்று ஊரே பேசியது. 1953-இல் அவ்வையார், 1965-இல் திருவிளையாடல், 1973-இல் காரைக்கால் அம்மையார். ரயிலிலும் மேடையிலும் சிறுமியாகப் பாடத் தொடங்கிய குரல் அரை நூற்றாண்டு தாண்டியும் கணீரென்று நின்றது. துக்கம் அவருக்கு இல்லாமலா இருந்தது? துக்கத்தோடேயே சாரீரத்தையும் காப்பாற்றினார். நீ தெய்வமாக வைத்துக்கொள்ள வேண்டியது அந்த வாழ்க்கையை.

அதனால் உடம்பையும் குரலையும் பற்றிச் சில விஷயங்கள் எழுதுகிறேன். பெரியப்பா பழைய பாட்டையே பாடுகிறார் என்று தள்ளிவிடாமல் படி.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீசனில் அருவிக்கரையில் நின்று, விழுகிற தண்ணீர்ச் சத்தத்தை மீறிப் பாடினால் குரல் வலுக்கும் என்று நம்புகிறார்கள். நீயும் பழைய அருவிப் பக்கம் போய் அப்படிப் பாடியதை நான் பார்த்துத் திட்டியிருக்கிறேன். காரணம் இதுதான். அருவிச் சத்தத்தில் உன் குரல் உன் காதுக்கு வராது. வராதபோது தொண்டையைப் பிடித்துத் தள்ளுவாய். சுருதி விலகினாலும் தெரியாது. மும்பை மேடையிலும் இதே ஆபத்து வரும். அங்கே வாத்தியங்களின் சத்தம் பெரிது. ஸ்பீக்கர் சத்தம் அதைவிடப் பெரிது. நெற்றியோரத்தில் முடிக்குள் மறைத்துச் சின்ன மைக் வைப்பார்கள். அந்த மைக்கை நம்பு. உன் குரல் உனக்குக் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டாதே. ஒலி அமைப்பாளரிடம் போய், 'எனக்கு என் குரல் கேட்க மாட்டேங்குது, சரிபண்ணிக் கொடுங்க' என்று மரியாதையாகச் சொல். அது உன் உரிமை.

ஆடிக்கொண்டே பாடுவது தனி வித்தை. பாட்டு வகுப்பில் உட்கார்ந்து பாடினாய்; பரத வகுப்பில் வேறொருவர் பாட நீ ஆடினாய். இரண்டையும் சேர்த்து நீ செய்ததே இல்லை. உடனே தொடங்கு. மாடியில் வேகமாக நடந்துகொண்டே சரளி வரிசை பாடு. அப்புறம் அடவு போட்டுக்கொண்டு அலங்காரம் பாடு. மூச்சு எங்கே தீர்கிறது என்று கவனித்து, அதற்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளப் பழகு. இப்போது நம் நாட்டில் நடக்கும் பெரிய இசை நாடகங்களிலும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். 2016-இல் மும்பையில் ஃபெரோஸ் அப்பாஸ் கான் 'முகல்-ஏ-ஆஸம்' படத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது அனார்கலியாக நடித்தவர்கள் மேடையிலேயே நேரடியாகப் பாடினார்கள். பின்னால் டேப் ஓட உதட்டை அசைக்கிற வேலை இல்லை. 2023 மார்ச்சில் மும்பையில் நீதா முகேஷ் அம்பானி கலாசார மையம் திறந்தார்களே, அதன் பெரிய அரங்கில் இரண்டாயிரம் பேர் உட்காரலாம். ஃபெரோஸ் அப்பாஸ் கான்தான் அங்கே முதல் நாடகத்தையும் இயக்கினார். முந்நூறுக்கு மேல் கலைஞர்கள். நம் காலத்தில் இத்தனை பேருக்கு இப்படி ஒரு வேலை இந்த நாட்டில் இருக்கும் என்று யார் நினைத்தோம்?

தூக்கத்தை விற்காதே. காட்சி முடிந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு அரட்டை அடிக்கக் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் போ. மற்ற நாள் படுக்கைக்குப் போ. தொண்டை கட்டினால் ஆவி பிடி, பேச்சைக் குறை. இரண்டு வாரத்துக்கு மேலும் கரகரப்பு போகவில்லை என்றால் கை வைத்தியத்தில் காலம் கடத்தாமல் தொண்டை டாக்டரிடம் காட்டு. முழங்கால், கணுக்கால் வலியை மறைத்து ஆடாதே. மறைத்து ஆடிய வலி ஒரு வருஷ வேலையைத் தின்றுவிடும்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கொடை. வள்ளி திருமணம். ஸ்பெஷல் நாடகம் எப்படி என்று உனக்குத் தெரியும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூனும் டான்ஸும் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து இறங்கி, பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்க வேண்டும். அன்றைக்கு வள்ளி வேஷம் கட்டிய அம்மாவுக்கு இரண்டு மணிக்கு மேல் மேல்ஸ்தாயி பிடிக்கவில்லை. எதிரே இருந்த ஜனங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஆலோலம் பாட எழுந்தவர் கவணைச் சுழற்றுகிற சாக்கில் என் பக்கம் திரும்பி, முந்தானைக்குக் கீழே கட்டை விரலை ஒரு தரம் கீழே காட்டினார். நான் அரைக் கட்டை இறக்கிப் பிடித்தேன். அவர் பாட்டை நிறுத்தி, பபூனிடம் இரண்டு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்துவிட்டு, புதுச் சுருதியில் எடுத்தார். விடியும் வரைக்கும் குரல் உடையவில்லை. விடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு, அடுத்த ராத்திரி நாடகத்துக்குப் பஸ் ஏறினார். தனக்கு அன்றைக்கு எது முடியும், எது முடியாது என்று தெரிந்து, கூட வேலை செய்பவனிடம் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கி, ஜனங்களுக்குக் குறை வைக்காமல் முடித்தார். எனக்குத் தெரிந்த பெரிய கலைஞர்களில் அவர் ஒருவர்.

அந்த அம்மாவை ஊர் என்ன பேசியது என்பதும் எனக்குத் தெரியும். ராத்திரி கைதட்டிய அதே ஆட்கள் காலையில் டீக்கடையில் வேறு மாதிரிப் பேசுவார்கள். நாடகக்காரி என்ற சொல்லையே வசவாக்கியது நம் ஊர்தான். உன் அப்பா வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பயம். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவன். நீயும் அவனிடம் கோபப்படாதே. உன் ஒப்பந்தத்தையும், தங்கப்போகும் இடத்தையும், கூட வேலை செய்யும் பெண்களையும் அவனுக்குக் காட்டு. முடிந்தால் ஒத்திகை தொடங்கும் நாளில் அவனையே கூட்டிக்கொண்டு போ. கண்ணால் பார்த்தால் பாதிப் பயம் போகும்.

வேலை விஷயத்தில் கறாராக இரு. நாடக ஏஜென்ட் ஒருவர் வாய்ப் பேச்சை நம்பி சீசன் முழுவதும் நான் வாசித்ததும், கடைசியில் பாதிச் சம்பளம் வராமல் போனதும் உனக்குத் தெரியாத கதையல்ல. அந்தக் காலத்தில் வாய்ப் பேச்சுத்தான் வழக்கம். உனக்குக் காகிதம் இருக்கிறது. வரி விடாமல் படி. ஒத்திகைக் காலத்துக்குச் சம்பளம் உண்டா? மாதச் சம்பளமா, காட்சிக்கு இவ்வளவா? காட்சி ரத்தானால் என்ன கிடைக்கும்? மேடையில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது? வெளியூர் போனால் தங்கும் இடம், சாப்பாடு யார் பொறுப்பு? இந்த நாடகம் நடக்கும் காலத்தில் வேறு கச்சேரிக்கோ விளம்பரத்துக்கோ போகலாமா? இவற்றுக்குப் பதில் எழுத்தில் இல்லையென்றால் எழுதித் தரக் கேள். கேட்பதால் வேலை போய்விடும் என்றால், அந்த வேலை எப்படியும் போகக்கூடிய வேலைதான்.

இன்னொன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் தொல்லைகளை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும் என்று 2013-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள். வேஷம் தருகிறேன் என்று தனியாகக் கூப்பிடுகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் போகாதே. அப்படிக் கிடைக்கிற வேஷம் உனக்கு வேண்டாம். நம் வீட்டில் யாரும் அதைக் கேட்க மாட்டோம். தப்பு எதிராளியுடையது என்பதை மறக்காமல், அன்றைக்கே எனக்கோ உன் அம்மாவுக்கோ போன் செய். எந்த நேரமானாலும் பரவாயில்லை.

நகரத்தில் தனிமை வரும். வாடகை கேட்டால் மயக்கமே வரும். இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து வீடு எடுங்கள். மாட்டுங்கா பக்கம் போனால் இட்லியும் கிடைக்கும், தமிழும் காதில் விழும். ஆனால் எப்போதும் தமிழ்க்காரர்களோடு மட்டும் சுற்றாதே. இந்தியைப் பிழையோடாவது பேசத் தொடங்கு. கதக் ஆடுகிறவளிடம் கதக் கேட்டுக்கொள். அவளுக்கு நீ அடவு சொல்லிக் கொடு. அடுத்த நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது அதுதான் உன் சொத்து.

உன் உச்சரிப்பைக் கேட்டு முதல் நாள் யாராவது சிரித்தால் சுருங்கிப் போகாதே. நீ எந்த ஊர்க்காரி என்று யோசித்துப் பார். நம் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி, பாட்டும் ஆட்டமும் கதையுமாகச் சேர்ந்த இசை நாடகம். அதற்குப் பரிசாக மதுரை முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் கொடுத்த நிலத்துக்கு இன்றைக்கும் குறவஞ்சி மேடு என்று பேர். 1944-இல் சென்னையில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகங்கள் போடத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்டது இந்தக் குற்றாலக் குறவஞ்சியைத்தான். பெரிய நகரத்து மேடைக்கு நம் ஊர் ஏற்கெனவே போய் வந்துவிட்டது, தாயி. நீ இரண்டாவதாகப் போகிறாய்.

அந்தக் குறவஞ்சியைத் திரும்ப ஒரு தரம் படித்துப் பார். நாயகி வசந்தவல்லி பந்தாடுகிறாள், உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள், தோழியிடம் புலம்புகிறாள். அப்புறம்தான் குறத்தி சிங்கி கூடையோடு வருகிறாள். வந்ததிலிருந்து நாடகம் அவளுடையது. ஊர் ஊராகக் குறி சொல்லிப் பிழைக்கிறவள், நாயகியின் முன்னால் நின்று தன் மலையின் வளத்தை வாய் நிறையச் சொல்கிறாள். குறி சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு தன் வழியே போகிறாள். அவளைத் தேடிச் சிங்கன் வருவதோடுதான் கதை முடிகிறது. நம் கவிராயர் நூலுக்குப் பேர் வைத்ததும் நாயகியை வைத்து இல்லை. தொழில் செய்து பிழைக்கும் அந்தக் குறத்தியை வைத்துத்தான். பின்வரிசை என்று மனசு சுண்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்.

நாடகம் ஒரு நாள் நிற்கும். எந்தப் பெரிய நாடகமும் நின்றே தீரும். ஏ.ஆர். ரகுமான் இசையில் லண்டனில் 2002-இல் தொடங்கிய 'பாம்பே ட்ரீம்ஸ்' இரண்டு வருஷம் ஓடியது. 2004-இல் பிராட்வேக்குப் போனது ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. அத்தனை பேரும் அப்புறம் வேறு வேலை தேடித்தான் போயிருப்பார்கள். ஆகவே சம்பளம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வை. வேலை இல்லாத மாதங்களில் அதுதான் உனக்கு வாடகை. அந்த மாதங்களிலும் சாதகத்தை நிறுத்தாதே. நாலு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடு. சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்குத் தெரியாதது தெரியவரும். சினிமாவிலும் சீரியலிலும் கூப்பிட்டால் போ, தப்பில்லை. ஆனால் அதற்காக மேடையை ஏணிப்படியாக நினைத்து அசட்டையாக ஆடாதே. உன்னை நம்பி முப்பது பேர் மேடையில் நிற்கிறார்கள்.

சில வருஷம் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் போலிருந்தால் வா. தோற்றுப்போய் வந்தாள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். தென்காசியிலும் கடையநல்லூரிலும் சுரண்டையிலும் பாட்டும் ஆட்டமும் கற்க ஆசைப்படும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விடிய விடிய நடந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு இன்றைக்குப் பல கோயில் கொடைகளில் இடமில்லை. இன்னிசைக் கச்சேரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மும்பையில் ஒளி எப்படி அமைக்கிறார்கள், ஒலி எப்படிச் சீராக்குகிறார்கள், முந்நூறு பேரை எப்படி ஒரே நேரத்தில் அசைக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு வருகிற ஒரு பெண், நம் ஊரில் மறுபடியும் ஒரு குறவஞ்சியை மேடையேற்ற முடியும். அதற்கு ஆர்மோனியம் வாசிக்க நான் இருக்க வேண்டும் என்று ஆசை. இல்லாவிட்டாலும் நீ செய்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது மூன்று. ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பு. கையெழுத்துப் போடும் முன்னால் தென்காசியில் நமக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிடுவோம். நாளைக் காலையிலிருந்து நடந்துகொண்டே பாடும் சாதகத்தைத் தொடங்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நீயே எல்லாவற்றையும் அவனிடம் சொல். நான் கூட இருக்கிறேன். ஆனால் பேச வேண்டியது நீ.

உன் சாரீரமும் உடம்பும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும். குற்றாலநாதர் துணை.

என்றும் உன் நலம் நாடும்,
பெரியப்பா